சிறவி செத்த இடம்

சிறவி வாத்து சமைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முதலில் செய்யும் வேலை சன்னல்களைச் சாத்துவது. பென்னலூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடியில் நான்கு வீடுகள். மற்ற மூன்றிலும் கார் கம்பெனிகளிலும் அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்யும் கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் குடும்பங்கள். கோழி, ஆட்டுக்கறி, மீன் எது கொதித்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஏரியில் வலை போட்டுப் பிடித்த காட்டு வாத்தைத் தின்கிற வீடு என்று தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்பதுதான் என் கவலை. பறவைகள் மேல் இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் காரணம் மானம்.

வாங்கி வருவது என் கணவர். அவர் பிறந்து வளர்ந்தது இந்த ஏரியாவில். மழை ஓய்ந்து ஏரிகள் தளும்பும் மாதங்களில், தண்டலத்தைத் தாண்டி ஒரு சந்து முனையில் ஒருவர் பைக்கில் கோணிப்பையோடு நிற்பார். தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார். என் கணவருக்குச் சிறு வயதிலிருந்தே அந்த ருசி. நான் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமா முடித்த கையோடு இருங்காட்டுக்கோட்டையில் வேலை கிடைத்து, பெண்கள் விடுதியில் தங்கி ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் விடுதி வேனை ஓட்டியவர் அவர். வீட்டை எதிர்த்துத்தான் கல்யாணம் செய்துகொண்டோம். அதன் பிறகு நான் பகுதி நேரமாகப் பி.இ. படித்தேன். லைனிலிருந்து குவாலிட்டிக்கு மாறினேன், எஞ்சினியர் ஆனேன். அவர் இன்னமும் வேன் ஓட்டுகிறார்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாங்கி வந்த இரண்டு சிறவிகளில் ஒன்றின் காலில் வளையம் இருந்தது. மஞ்சள் தடவி இறகைப் பொசுக்கும்போதுதான் பார்த்தேன். மங்கிய வெள்ளை நிறத்தில், சின்னக் குழந்தையின் மோதிரம் அளவுக்கு ஓர் உலோக வளையம். அதில் ஆங்கிலத்தில் ஏதோ எழுத்துகள், எண்கள், மும்பை என்று ஓர் ஊர்ப் பெயர்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். "இன்னாது இது, பாய்லர் கோழிக்குப் போட்ற டேக்கா? எவனோ வளத்த வாத்தப் புட்சினு வந்துட்டான் போல. கழட்டிப் போட்டுட்டு வேலயப் பாரு."

நான் கழற்றினேன். ஆனால் போடவில்லை. குழம்பு கொதிக்கும் நேரத்தில் செல்போனில் தேடினேன். காட்டுப் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையத்தைப் பூட்டி, மறுபடியும் பறக்க விட்டுவிடுகிறார்கள். பிறகு உலகத்தில் எங்காவது யாராவது அந்த எண்ணைப் பார்த்துச் சொன்னால், அந்தப் பறவை எங்கிருந்து எங்கே போனது என்று தெரிந்துகொள்கிறார்கள். எல்லாம் அங்கேதான் படித்தேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் லைனில் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் உண்டு. எந்த இயந்திரத்தில், எந்த ஷிப்டில் பிறந்தது என்று பின்னோக்கித் தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் வேலையே. வானத்தில் போகிற ஒன்றையும் அப்படித் தேட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகும் அந்தக் குழம்பை நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

மறுநாள், மும்பையில் இந்த வளையங்களைப் பதிவு செய்யும் இடத்துக்கு, வளையத்தின் எண்ணையும் என் போன் எண்ணையும் மட்டும் எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த வாரமே ஒரு பெண்மணி போனில் அழைத்தார். பறவைகளின் இடப்பெயர்ச்சியை ஆராய்பவர். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"நீங்க அனுப்பின நம்பரை என்னால மறக்கவே முடியாது. கோடியக்கரை சதுப்புல என் கையாலயே பூட்டின வளையம் அது. வளர்ந்த பெட்டை. சில வருஷம் ஆச்சு. இத்தனை நாள் ஒரு தகவலும் இல்லை. ரொம்ப நன்றிம்மா."

"அது எங்கெல்லாம் போயிருக்கும் மேடம்?"

"அதுதான் வேடிக்கை. வளையம் ரெண்டே ரெண்டு விஷயம்தான் சொல்லும். எங்க பூட்டினோம், எங்க கிடைச்சுது. நடுவுல உள்ளதெல்லாம் நம்ம ஊகம். இதே இனத்துல வளையம் போட்ட வேற பறவைங்க ருஷ்யாவோட வடக்குல கிடைச்சிருக்கு. அப்போ இதுவும் ஒவ்வொரு வெயில் காலத்துக்கும் இமயமலைக்கு அந்தப் பக்கம் போய்க் குஞ்சு பொரிச்சுட்டுத் திரும்பியிருக்கும்னு நினைக்கிறோம். நிச்சயமா சொல்ல முடியாது." ஒரு மூச்சு விட்டுக் கேட்டார்: "ஆமா, பறவை உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

இந்தக் கேள்வி வரும் என்று ஏன் நான் யோசிக்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. அலுவலக இருக்கையில் இருந்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். காட்டுப் பறவையைப் பிடிப்பதும் தின்பதும் சட்டப்படி குற்றம் என்பதும் அதற்குள் தெரிந்திருந்தது.

"ஏரிக்கரையில செத்துக் கிடந்துச்சு மேடம். வாக்கிங் போறப்போ பார்த்தேன்."

நான் ஒரு நாளும் ஏரிக்கரைக்கு வாக்கிங் போனதில்லை.

அவர் குரல் மாறியது. "காயம் ஏதாவது இருந்துச்சா?"

"இல்ல மேடம்."

"பக்கத்துல வேற பறவைங்க செத்துக் கிடந்துச்சா?"

"கவனிக்கலை மேடம்."

"சுத்தி ஃபாக்டரிங்க இருக்கிற இடம் அது. காயமே இல்லாம ஒரு பறவை கரையில செத்துக் கிடந்தா ரெண்டு காரணம் இருக்கலாம். தண்ணில ஏதாவது கலந்திருக்கணும், இல்லன்னா நோய். நான் நேர்லயே வந்து பார்த்துடறேன். இடத்தைக் காட்டுவீங்கல்ல?"

"காட்டுறேன் மேடம்" என்றேன்.

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "இத்துக்கு எதுக்குப் பொய்யி? வாங்கித் துன்னோம்னு சொல்லிட்டா இன்னா, தூக்குலயா போட்ருவாங்கோ?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கேஸு போட்ருவாங்க. என் கம்பெனிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? அவங்க வர்ற அன்னைக்கு நீங்க இந்தப் பக்கமே இருக்க வேண்டாம்."

"நான் எங்க இருக்கப் போறேன், எனக்கு டூட்டி கீது" என்றார்.

போனில் பேசிய அந்த அம்மா வந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. நாற்பதைத் தாண்டிய வயது, கட்டம் போட்ட பருத்திச் சட்டை, தொப்பி, முதுகில் ஒரு பை, கையில் முக்காலியோடு ஒரு தொலைநோக்கி. பஸ்ஸில் வந்து நெடுஞ்சாலையில் இறங்கினார். நான் ஸ்கூட்டியோடு நின்றிருந்தேன். அந்தச் சாமான்களோடு அவரைப் பின்னால் ஏற்ற முடியாது என்று இரண்டு பேருக்கும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆட்டோ ஏதாவது வருமா என்று வெயிலில் நின்றுகொண்டிருந்தோம்.

அப்போதுதான் வேன் வந்தது. காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார் என் கணவர். எங்களைத் தாண்டிப் போய்விட்டு, பிரேக் போட்டு, அப்படியே பின்னால் எடுத்து வந்து எங்கள் முன் நிறுத்தினார். இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் பெண்டாட்டி வெயிலில் திணறிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அவரால் போக முடியாது. காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. கழுத்தில் ஈரத் துண்டு. சன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இவர் யாரு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"எங்க கம்பெனி வேன் டிரைவர்" என்றேன்.

பொய் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. பிறகு கீழே இறங்கி, முக்காலியை வாங்கி உள்ளே வைத்தார். பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"ஏறுங்க மேடம்" என்று அந்த அம்மாவிடம் சொன்னார். என் பக்கம் திரும்பி, "நீங்களும் ஏறுங்க மேடம்" என்றார்.

ஸ்கூட்டியை டீக்கடை ஓரத்தில் விட்டுவிட்டு ஏறினேன். ஏரி வரை அந்த அம்மாதான் பேசிக்கொண்டு வந்தார். நான் கண்ணாடியைப் பார்க்காமல் வெளியே பார்த்தேன். மதில் சுவர்கள், கண்டெய்னர் லாரிகள், ஷிப்டு முடிந்து அறைக்கு நடந்து போகும் பையன்கள். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது.

ஏரிக்கரையில் ஓர் இடத்தைக் காட்ட வேண்டுமே. வேலிகாத்தான் புதர் ஒன்றின் அடியில் தண்ணீர் ஒதுங்கிய ஒரு மூலை இருந்தது. "இங்கதான்" என்றேன். அந்த அம்மா அங்கே மண்டியிட்டார். சேற்றைக் கிளறினார். சின்னச் சின்னப் புட்டிகளில் தண்ணீர் எடுத்தார். புல்லுக்குள் இறகு ஏதாவது கிடக்கிறதா என்று விரலால் விலக்கி விலக்கித் தேடினார். முழங்காலில் சேறு. ஒன்றுமே நடக்காத ஓர் இடத்தில் ஒருவர் இவ்வளவு பொறுமையாகத் தேடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எவ்வளவு கூச்சமான காரியம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பிறகு தொலைநோக்கியை நிறுத்தி ஏரி நடுவே இருந்த கூட்டத்தைப் பார்த்தார். வேன் பக்கத்தில் நின்றிருந்த என் கணவரையும் கூப்பிட்டார். "வாங்க, பாருங்க."

அவர் தயங்கி வந்து ஒற்றைக் கண்ணை வைத்தார். "யம்மாடி! கண்ணுக்கு மேல வெள்ளயா கோடு போட்டு வுட்ட மாதிரி கீதே!"

"அது ஆண். உங்க மேடம் பார்த்தது பெட்டை. பழுப்பா இருக்கும்."

"இத்தனூண்டு பறவ, இமயமலைக்கு அந்தாண்ட இருந்தா வருது?" கண்ணை எடுக்காமலே கேட்டார். "வருஷா வருஷம் இதே ஏரிக்குத்தான் வருமா மேடம்?"

"நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். வளையம் போட ஆரம்பிச்ச பிறகுதான் புரிஞ்சுது. சில பறவை வருஷம் தவறாம அதே குட்டைக்கு வரும். வாத்துங்க அப்படி இல்லை. எங்க தண்ணி நிக்குதோ அங்க போகும். ஒரு வருஷம் கோடியக்கரை, இன்னொரு வருஷம் இங்க. அதனாலதான் ஒரு ஏரி கெட்டா ஒரு ஊருக்கு மட்டும் நஷ்டம்னு சொல்ல முடியாது."

"காலுல வளையம் போட்டா நோவாதா?"

"சரியான அளவுல போட்டா நோகாது. வளையல் மாதிரி சுத்தும்."

அவர் தலையாட்டினார். அந்த அம்மா புட்டிகளைப் பையில் அடுக்கியபடி என்னிடம் சொன்னார்: "தண்ணிதான் காரணமா இருக்கும்னு எனக்குச் சந்தேகம். இன்னைக்கே எழுதி அனுப்பிடறேன். அதிகாரிங்க வந்து சோதிப்பாங்க. முடிவு வர்ற வரைக்கும் இந்த ஏரி மீனை யாரும் பிடிக்க வேண்டாம்னு நிறுத்தி வைக்கச் சொல்லணும். பாவம், கஷ்டம்தான். ஆனா வேற வழி இல்லை."

ஏரியின் மீன் குத்தகையில் என் கணவரின் அண்ணனுக்குப் பங்கு உண்டு. அந்தக் குடும்பம் நம்பி இருப்பதே அதைத்தான். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல்.

என் கணவர்தான் பேசினார். "மேடம், ஒரு நிமிஷம். அந்தப் பறவ இங்க சாவல."

அந்த அம்மா நிமிர்ந்தார்.

"நான்தான் வாங்கினு வந்தேன், ரோட்டாண்ட ஒருத்தர் கிட்ட. கொழம்பு வெச்சுத் துன்னுட்டேன். காலுல இது இருந்துச்சு. நல்லாப் படிச்சவங்களாச்சேன்னு இவங்க கிட்ட எட்த்துனு போய்க் குடுத்தேன். கரையில செத்துக் கெடந்துச்சுன்னு நான்தான் கத உட்டேன். பாவம், நம்பிட்டாங்கோ. இவங்களுக்கு ஒண்ணியும் தெரியாது. எதுனா கேஸ்னா எம் பேர எழுதிக்கோங்கோ."

இவ்வளவையும் என்னைப் பார்க்காமல் சொன்னார். அப்போதும் நான் வெறும் "இவங்க"தான். காலையில் நான் எவ்வளவு தூரத்தில் அவரைத் தள்ளி வைத்தேனோ, அங்கேயே நின்றுகொண்டு என்னைக் காப்பாற்றினார். அந்தக் கணத்தில் எனக்கு வந்த வெட்கம் மாதிரி வேறு எதுவும் என் வாழ்க்கையில் வந்ததில்லை. காது மடல் வரை எரிந்தது.

"இல்ல மேடம்" என்றேன். குரல் எங்கள் ஊர்ப் பேச்சுக்கு இறங்கிவிட்டது. "அவுக பொய் சொல்லுதாக. செத்துக் கிடந்துச்சுன்னு சொன்னது நான்தான். சமைச்சதும் நான்தான். நானும் சாப்பிட்டேன். இவுக என் வீட்டுக்காரர்."

அந்த அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீரை ஏரியிலேயே கொட்டினார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நீங்க செஞ்சது சட்டப்படி தப்பு. அதை நான் சொல்லியே ஆகணும்" என்றார். "ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. வாத்துங்க கால்ல போட்ட வளையம் திரும்பி வந்ததுல நிறைய, பறவையைப் பிடிச்சவங்களும் சாப்பிட்டவங்களும் அனுப்பினதுதான். உள்நாட்டுலயும் அப்படித்தான், வெளிநாட்டுலயும் அப்படித்தான். அவங்க அனுப்பலைன்னா எங்களுக்குப் பாதி விஷயம் தெரிஞ்சே இருக்காது. சாப்பிட்டேன்னு எனக்கு எழுதினவங்க இருக்காங்க. நீங்க சாப்பிட்டதைவிட, செத்த இடத்தை மாத்திச் சொன்னதுதான் எனக்கு வருத்தம். ரெண்டு புள்ளிதான் எங்க கிட்ட இருக்குன்னு போன்லயே சொன்னேன். அதுல ஒண்ணைப் பொய்யா குடுத்துட்டீங்க."

என் வேலை குவாலிட்டி. அவர் சொன்னதன் அர்த்தத்தை எனக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் பிரிவில் ஒருவர் அளவை மாற்றி எழுதியபோது அவரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள் நான்.

"அப்போ நிஜமா எங்க பிடிச்சாங்க?" என்று அந்த அம்மா அவரிடம் கேட்டார்.

என் கணவர் அங்கேயே நின்று சிறவி விற்பவருக்குப் போன் போட்டார். மிரட்டாமல், கேலி பேசிப் பேசியே விஷயத்தைக் கறந்தார். ஒரகடத்தைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சின்ன ஏரியில் விடியற்காலை வலையில் விழுந்ததாம். அங்கிருந்து பைக்கின் பின்னால், கோணிப்பைக்குள். அந்தச் சிறவி எங்கள் பக்கம் வந்ததே அப்படித்தான். எங்கள் ஏரித் தண்ணீரில் அது இறங்கியதே இல்லை.

அந்த அம்மா ஏரியின் பெயரைக் குறித்துக்கொண்டார். "இந்த வியாபாரத்தை நிறுத்தணும். நான் அவர்கிட்ட ஒரு நாள் பேசிப் பார்க்கிறேன்" என்றார்.

"நான் கூட்டினு போறேன் மேடம்" என்றார் என் கணவர். பிறகு, "வெயிலு ஏறிடுச்சு. வூட்டாண்ட வந்து ஒரு டீ சாப்ட்டுப் போங்கோ" என்றார்.

வந்தார். கூடத்தில் எங்கள் கல்யாணப் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தார். என் கணவர் அவரிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார். எப்படிப் பிடிப்பீர்கள், வலை எப்படி இருக்கும், ராத்திரியில் எதைப் பார்த்துப் பறக்கின்றன. நட்சத்திரங்களை வைத்து என்றார் அவர், இன்னும் முழுசாகத் தெரியாத விஷயங்களும் உண்டு என்றார். நான் சமையலறை வாசலில் நின்று கேட்டேன். உள்ளே போய் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். சில நாட்கள் கழித்து, ஒரு காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே என் கணவர் சொன்னார்: "சிறவி துன்றது தப்புன்னா உட்டுட்றேன். அதுல ஒண்ணியும் இல்ல. டிரைவர்னு சொன்னியே, அதுவும் தப்பில்ல. நான் டிரைவர்தான். ஆனா அதச் சொல்லிட்டு அதோட நிறுத்திட்ட பாரு."

"மன்னிச்சிருங்க" என்றேன்.

"உடு" என்றார். அயர்ன் பாக்ஸின் சுவிட்சை அணைத்தார்.

எஞ்சினியர் ஆன பிறகு நான் அவர் ஓட்டும் வேனில் ஏறுவதை விட்டிருந்தேன். ஸ்கூட்டி வாங்கியதே அதற்குத்தான். வசதிக்கு என்று அவரிடம் சொல்லியிருந்தேன். வசதிக்குத்தான் என்று நானும் நம்பியிருந்தேன். அந்த மாசியில் ஒரு திங்கட்கிழமை பென்னலூர் நிறுத்தத்தில் போய் மற்றவர்களோடு நின்றேன். வேன் வந்ததும் முன் இருக்கையில் ஏறினேன்.

"இன்னா, வண்டி பஞ்சரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

பின்னால் எங்கள் லைனில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, "அக்கா, அண்ணாவ உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என்றேன். வேனில் ஒரு நொடி சத்தம் அடங்கியது. யாரோ "அப்படியா!" என்றார்கள். பிறகு பழையபடி பேச்சு எழுந்தது. அவர்கள் யாரும் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. இருந்தும் என் முகம் சுட்டது. அப்படிச் சுட்டதே என்று அடுத்த நொடி இன்னும் அதிகமாகச் சுட்டது. அது போய்விட்டது என்று எழுதத்தான் ஆசை. இப்போதும் சில காலைகளில் வேன் படியில் கால் வைக்கும்போது வருகிறது. வந்தாலும் ஏறிவிடுகிறேன்.

அவர் அதைக் கவனித்திருப்பார் என்றே நினைக்கிறேன். கேட்டதில்லை. இருங்காட்டுக்கோட்டை திருப்பத்தில் கியரை மாற்றிக்கொண்டே, அந்த அம்மா முந்தின நாள் போனில் சொன்ன புதுச் செய்தி எதையாவது என்னிடம் சொல்வார். ஒரகடத்துப் பக்கத்து ஏரிக்கு அடுத்த பனிக்கு அவர்கள் வளையம் பூட்ட வருகிறார்களாம். வலை கட்ட ஆள் வேண்டுமாம். சிறவி விற்றவரையும் கேட்டிருக்கிறார்களாம்.

"அவர் இன்னா சொன்னார் தெரியுமா?" என்றார். "புட்சி, கழுத்த திருகாம, திருப்பி உட்றதா? அத்துக்கு இன்னாத்துக்குப் புடிக்கணும்னு கேக்கறாரு."

வேனில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.